கடைசிப் பக்கம் மெய்ப்புக்கு வராது

சான் லாசரோ,
அக்டோபர் 23

அன்பு மகள் மாரித்சாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம், மழைக்காலத்தில் என் முழங்கால் மட்டும் தனி வழி போகிறது. மாண்ட்ரியால் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். நீ அனுப்பிய படத்தில் தலையில் தொப்பி இல்லை, அம்மா பார்த்துவிட்டாள், அவளுக்கு நீயே பதில் சொல்லிக்கொள்.

உன் அம்மா ஒரு மாதமாக என்னைத் திட்டவில்லை. சொர்க்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். விஷயம் இதுதான். பல்கலைக்கழகப் பதிப்பகத்துக்கு ஐம்பது வயது ஆகிறதாம், டாக்டர் லொசாதா அதன் வரலாற்றை எழுதியிருக்கிறார். ஓய்வுபெற்றாலும் மெய்ப்புப் பார்க்க அம்மாவை விட்டால் ஆள் இல்லை என்று தாள் கட்டு வீட்டுக்கே வந்தது. ஆட்சிக் குழுவின் தீர்மானத்தால் பதிப்பகம் பிறந்தது என்று எழுதியிருந்தார். தீர்மானம் வந்தபோது அந்தப் பதிப்பகக் குழந்தைக்கு இரண்டு வயது! ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தை ஒட்டிய நிலவறையில், தேர்வுத்தாள் அடிக்கிற இயந்திரத்தில்தான் முதல் புத்தகம் உருவானது. தலைநகரத்துப் பதிப்பாளர்கள் எல்லாரும் கைவிரித்த தாவரவியல் புத்தகம் அது. அதைத் தட்டச்சு செய்த இருபத்திரண்டு வயதுப் பெண், ஒரே செடி ஒரு பக்கத்தில் மார்ச்சிலும் இன்னொரு பக்கத்தில் ஜூலையிலும் பூக்கிறதே என்று பேராசிரியரிடமே போய்க் கேட்டாள். அவர் ஒரு வாரம் முறைத்துவிட்டு, இனி இவள் படிக்காமல் எதுவும் அச்சேறக் கூடாது என்றார். அச்சுக்கு முன் ஒருவர் படித்துக் கேள்வி கேட்கிற வழக்கம் அங்கே அப்படித்தான் வந்தது. அந்தப் பெண் உன் அம்மா. லொசாதாவின் முந்நூறு பக்கத்தில் அவள் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

பேனா உன் கையில்தானே இருக்கிறது, எழுதிவிடேன் என்றேன். “தப்பைத் திருத்துறதுதான் என் வேலை, விட்டதைச் சேர்க்கிறது எழுதினவர் வேலை” என்றாள். தீர்மானத்தின் தேதியைத் திருத்தினாள், தன் பெயரைத் தொடவில்லை. கட்டைத் திருப்பி அனுப்பிய அன்று வெல்லத் தண்ணீர் காய்ச்சும்போது அழுதாள். கேட்டால் வெங்காயமாம். வெல்லத் தண்ணீரில் ஏது வெங்காயம்? இந்தக் கடிதத்தைக் காட்டினால் பாதியை அடித்துவிடுவாள், அதனால் காட்டவில்லை.

பொறுக்க முடியாமல் பதிப்பகத்தின் மூத்த அச்சுக்காரரான எரிபெர்தோவிடம் போய்க் கொட்டினேன். அவர் கையில் மையைத் துடைத்துக்கொண்டே, “நீங்க வீட்டுக்குப் போங்க எவேலியோ, கடைசிப் பக்கம் எங்களோடது” என்றார். உனக்குத் தெரியும், அச்சடித்து முடித்த நாளையும் அன்றைய புனிதரின் பெயரையும் போடுகிற அந்தப் பக்கத்தை அச்சுக்காரர்களே எழுதுவார்கள், அது மெய்ப்புக்கு வராது.

நேற்று புத்தகம் வந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து தப்புத் தேடினாள், கடைசிப் பக்கம் வரச் சாயங்காலம் ஆயிற்று. அங்கே இப்படி இருந்தது: “புனித லூக்கா நாளில் அச்சிட்டு முடித்தோம். இந்தப் பதிப்பகத்தின் முதல் புத்தகத்தைப் படித்துக் கேள்வி கேட்டவர் ஒத்தீலியா பெனாவிதெஸ். அவர் படித்த பிறகே இயந்திரத்தை ஓட்டினோம்.” உன் அம்மாவின் பெயரை அச்சில் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது மகளே, ஒளிக்கவில்லை. அவளோ, என்னிடம் காட்டாமல் அச்சடித்துவிட்டார்களே என்று முறைத்தாள். இன்று காலை சந்தைக்குப் போனபோது புத்தகம் அவள் பையில் இருந்தது. காற்றில் பை பறக்காமல் இருக்கக் கனம் வேண்டுமாம்.

கடவுளும் கன்னி மரியாளும் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு. ஒன்றை மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை அழைக்கும்போது, எதுவும் தெரியாதவள்போல் அந்தக் கடைசிப் பக்கத்தைப் படித்துக் காட்டச் சொல். பெயர் வருமிடத்தில் அவள் குரல் நிற்கும். அவசரப்படுத்தாதே, ஐம்பது வருடமாக அடுத்தவர் பெயர்களையே படித்தவள்.

என்றும் உன் நலம் நினைக்கும் அப்பா,
எவேலியோ