நான்கு வருட வாரண்டியும் நித்யாவின் மருந்தும்

12 மார்ச் 2001, திங்கள்

காலையிலேயே வெயில். ஃபிரிட்ஜில் பால் பாக்கெட் கல்லாகிவிட்டது. தக்காளி, கொத்தமல்லி எல்லாம் உறைந்து கிடக்கின்றன. குமிழை எந்தப் பக்கம் திருப்பினாலும் மோட்டார் நிற்பதில்லை. நித்யாவின் இன்சுலின் பாட்டில் இரண்டும் உள்ளேதான். எடுத்துப் பார்த்தால் உள்ளே ஐஸ். உள்ளங்கையில் உருட்டி உருக்கி ஊசி போட்டேன். மருந்து கெட்டால் சூட்டில்தானே கெடும், குளிரில் என்ன ஆகப்போகிறது.

சரோஜா: "பாஷாவைக் கூப்பிடுங்க. தெரு முனையிலதானே ரிப்பேர் கடை வெச்சிருக்கார்."

முடியாது. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கம்பெனி சீல். வெளியாள் திறந்தால் வாரண்டி செல்லாது. முதல் வருடம் முடிந்து மூன்று மாதம். மேற்கொண்டு நான்கு வருட வாரண்டி எடுத்ததே நித்யாவுக்காக. எட்டு வயதுக் குழந்தை, தினம் இரண்டு ஊசி. மல்லேஸ்வரம் கடைக்காரர், "வீட்ல இன்சுலின் வெக்கிறீங்களா? அப்ப கண்ணை மூடிட்டு எடுங்க சார்" என்றார். கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தேன்.

கம்பெனிக்கு போன். ஒரு பெண்.

"கூலிங் இருக்கா சார்?"

"இருக்கும்மா, ரொம்ப இருக்கு. அதான் கம்ப்ளெய்ன்ட்."

"கூலிங் இருந்தா அர்ஜென்ட்ல போட முடியாது சார். மெக்கானிக் நாளைக்கு வருவார்."

13 மார்ச், செவ்வாய்

மெக்கானிக் வரவில்லை. ஆபீசிலிருந்து மூன்று முறை போன். மூன்று முறையும், "நாளெ பர்த்தாரெ சார்." நாளைக்கு வருவாராம். எனக்கும் கன்னடத்தில் திட்டத் தெரியும். திட்டவில்லை.

நித்யாவின் சிறுநீர் சோதனை: நீல மருந்தில் எட்டுச் சொட்டு விட்டுச் சூடாக்கினால் வழக்கமாகப் பச்சையாகும். இன்று மஞ்சள், சர்க்கரை ஏறியிருக்கிறது. இரண்டு யூனிட் கூட்டிப் போட்டேன். பாட்டிலில் துகள் துகளாக ஏதோ. குலுக்கினேன்.

வாங்க: ஃபினாயில், மெழுகுவர்த்தி, ஸ்கூலுக்கு பிரவுன் அட்டை.

14 மார்ச், புதன்

அரை நாள் லீவு போட்டு மெக்கானிக்குக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேஸ்காரன் வந்தான், கீரைக்காரம்மா வந்தார், அந்த மகராசன் வரவில்லை.

சோதனை ஆரஞ்சு. நித்யா தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறாள். படுக்கை நனைந்துவிட்டது. "ஸ்கூல்ல சாக்லேட் தின்னியா? உண்மையைச் சொல்லு" என்று கத்தினேன். "அம்மா சத்தியமா இல்லப்பா" என்று அழுதாள். நான் நம்பவில்லை.

சரோஜா: "குழந்தையை ஏன் திட்டறீங்க? பாஷாவைக் கூப்பிட்டா உங்க கிரீடம் இறங்கிடுமா?"

"நாளைக்கு கம்ப்ரெஸர் போச்சுன்னா யார் மாத்துவா? ஒரு நாள் பொறு" என்றேன். சண்டை. பயமாக இருக்கிறது. எதற்கென்று சரியாகத் தெரியவில்லை.

15 மார்ச், வியாழன்

சோதனை செங்கல் நிறம். இரண்டு முறை வாந்தி. மூச்சில் அழுகின பழ வாடை. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மூடுகிறாள். ஆட்டோ. டிரைவர் என்னைக் கேட்காமலே சிக்னல் தாண்டினார்.

டாக்டரம்மா: "இன்சுலின் எங்க வெச்சிருந்தீங்க?"

"ஃபிரிட்ஜ்லதான் மேடம்."

"உறைஞ்சுதா?"

"ஆமா. உருக்கித்தான் போட்டேன்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். உறைந்தால் மருந்து செத்துவிடுமாம். நான்கு நாளாக நான் போட்டதில் பாதிக்கு மேல் வெறும் தண்ணீர் மாதிரிதானாம். குழந்தை சாக்லேட் தின்னவில்லை.

16 மார்ச், வெள்ளி

டிரிப்ஸ். மணிக்கொரு முறை ரத்தம் எடுக்கிறார்கள். நேற்றைக்கு இன்று தேவலை என்கிறார் நர்ஸ். சரோஜா என்னோடு பேசவில்லை. "வீட்டுக்குப் போய் மாத்துத் துணி எடுத்துட்டு வாங்க" என்றது தவிர.

போனேன். முதலில் பாஷா கடைக்கு, அவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு. அவர் சீலைப் பார்த்துக் கை வைக்கத் தயங்கினார். "அண்ணே, அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது." நானே நகத்தால் கிழித்தேன். குளிர் போதுமானதும் மோட்டாரை நிறுத்துகிற தெர்மோஸ்டாட் போயிருந்தது. அரை மணி நேர வேலை. "திங்கட்கிழமையே சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது, பாவம். அடுப்படியில் நின்று அழுதேன்.

19 மார்ச், திங்கள்

நித்யா இட்லி தின்றாள். நாளை வீட்டுக்கு.

துணி துவைக்க நான் வீட்டுக்கு வந்த நேரத்தில் கம்பெனி மெக்கானிக். புது யூனிஃபார்ம், டை வேறு. பின்னால் எட்டிப் பார்த்தார். "சீல் ஓப்பன் பண்ணிருக்கீங்க சார். வாரண்டி கேன்சல். இங்க ஒரு சைன்." நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க நினைத்திருந்தேன். கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

20 மார்ச், செவ்வாய்

மதியம் வீடு வந்தோம். லேசான மழை. புது பாட்டில், மருந்துக் கடையிலிருந்து நேராக. வெளிச்சத்தில் மூன்று முறை பார்த்தேன். சிரிஞ்சில் ஏற்றினேன்.

"அப்பா, இது நல்ல மருந்துதானே?"

"நல்ல மருந்துதான்டா."

நித்யா என்னைப் பார்க்கவில்லை. சரோஜாவைப் பார்த்தாள். சரோஜா தலையாட்டிய பிறகுதான் கையை நீட்டினாள்.