ஐம்பத்தெட்டின் பத்தொன்பதாவது ஆள்

ஜூலை 9, 1996, செவ்வாய்

கோதுமைக் கிடங்கில் மூன்றாம் எண் மோட்டார் மறுபடி எரிந்தது. பேரிங்கை மாற்றுங்கள் என்று மூன்று முறை சொல்லியாயிற்று. யார் கேட்கிறார்கள்?

சாயங்காலம் லீக் தலைவர் கெய்த் பெட்சல் வந்து நான்கு அட்டைப்பெட்டிகளை என் சாப்பாட்டு மேசையில் இறக்கினார். எழுபத்தாறு வருஷத்து ஆட்டக் குறிப்புகள். செப்டம்பரோடு குரூக் சமவெளிக் கால்பந்து லீக் கலைகிறது; மிஞ்சிய ஆறு கழகங்களும் பக்கத்து லீக்கில் போய்ச் சேர்கின்றன. அதற்குள் வரலாறு புத்தகமாக வர வேண்டுமாம்.

"நீ எலக்ட்ரீஷியன், ராஸ். கதை விடமாட்ட. அதான் உங்கிட்ட தர்றேன்" என்றார்.

ஜூலை 14

1946 வரை முடிந்தது. போர்க்காலத்தில் நான்கு வருஷம் ஆட்டமே இல்லை. நான்கு வருஷம் பொய்யும் இல்லை.

ஜூலை 23, செவ்வாய்

1958 இறுதியாட்டம். எங்கள் ஊர் யாரிக் அணியும், பக்கத்து ஊர் பீல்பா அணியும். இதைக் கேட்காமல் இந்த ஊரில் யாரும் வளர முடியாது.

ஆஸ்திரேலியக் கால்பந்தில் அணிக்குப் பதினெட்டுப் பேர். எதிரணித் தலைவனுக்குச் சந்தேகம் வந்தால் ஆட்டத்தை நிறுத்தி ஆள் எண்ணச் சொல்லலாம். ஒருவன் கூடுதலாக இருந்தால் அதுவரை எடுத்த புள்ளி அத்தனையும் பூஜ்யம். கடைசிக் கால்பகுதியில் நாங்கள் பன்னிரண்டு புள்ளி முன்னால் இருந்தோம். பீல்பாக்காரன் எண்ணச் சொன்னான். நடுவர் எங்கள் ஆட்களை வரிசையில் நிறுத்தினார். பத்தொன்பது. எழுபத்தொரு புள்ளி போயிற்று, கோப்பையும் போயிற்று.

பழி விழுந்தது மாற்று ஆட்டக்காரன் எர்ன் நோஸ்கி மேல். அப்போது அவருக்கு இருபது வயது. யாரும் வெளியே வருவதற்கு முன்பே அவசரப்பட்டு உள்ளே ஓடிவிட்டாராம். இன்றைக்கும் அவர் பாருக்குள் நுழைந்தால் எவனாவது ஆரம்பிப்பான்: "பதினாறு, பதினேழு, பதினெட்டு... ஐயையோ!"

நானும் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 25, வியாழன்

கதை தப்பு.

நேரக் காப்பாளர்கள் இரண்டு பேர், கழகத்துக்கு ஒருவர். இரண்டு பேரும் தனித்தனியாக நோட்டு எழுதுவார்கள். இரண்டு நோட்டுமே பெட்டியில் இருக்கின்றன. இரண்டிலும் ஒரே வரி: நான்காம் கால்பகுதி, 17 நிமிடம், பெட்சல் வெளியே, நோஸ்கி உள்ளே. எல்லைக்கோட்டு நடுவரின் கடிதமும் இருக்கிறது: பெட்சல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டினார், பந்து அந்தப் பக்கம் வந்ததும் மறுபடி உள்ளே ஓடினார்.

பெட்சல் என்றால் கெய்த். அன்றைய அணித் தலைவர்.

எர்ன் முறைப்படிதான் உள்ளே போயிருக்கிறார். ஒன்றையொன்று சாராத மூன்று சான்றுகள். இதற்கு மேல் என்ன வேண்டும்? முப்பத்தெட்டு வருஷமாக இந்தப் பெட்டி கெய்த் வீட்டு ஷெட்டில் கிடந்திருக்கிறது. திறந்து பார்க்காமலா என்னிடம் கொடுத்தார்?

ஜூலை 27, சனி

ஆட்டம் முடிந்ததும் கெய்த்தைக் கார் நிறுத்தத்தில் பிடித்தேன். சுற்றி வளைக்கவில்லை. நோட்டுகளை பானெட் மேல் விரித்தேன்.

படிக்கவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

"இதெல்லாம் இன்னும் இருக்கா?"

"இருக்கு. நீங்கதான் திரும்பி உள்ள போயிருக்கீங்க."

"பந்து என்னத் தேடி வந்துச்சுடா. கோப்பை கையில வந்தாச்சு. கால் வலிக்குதுன்னு கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு வேடிக்க பாக்கச் சொல்றியா?"

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே?"

முகம் சிவந்துவிட்டது. "ஸ்கோர மட்டும் போடு. மத்தபடி ஒரு வரி எழுதின, கமிட்டியில புத்தகத்தையே நிறுத்திடுவேன்."

வீட்டுக்கு வந்ததும் நோட்டுகளை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். கோபத்திலா பயத்திலா? தெரியவில்லை. லீக் கலைந்துவிட்டால் பெட்டிகள் குப்பைக்குப் போகும். இந்தப் புத்தகத்தில் வராதது இனி எதிலும் வராது. எர்ன் பெயர் அப்படியே நின்றுவிடும்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

எர்ன் வீட்டுக்குப் போனேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தது என் மடத்தனம்.

டிரெய்லருக்கு டயர் மாட்டிக்கொண்டிருந்தார். நான் நோட்டை வாசித்து முடிக்கும்வரை நிமிரவே இல்லை. அவர் மகள் லோர்னா வாசலில் வந்து நின்றாள். லீக் செயலாளர் அவள்தான்.

"முடிஞ்சுதா?" என்றார் எர்ன்.

"உங்க மேல தப்பே இல்ல. எழுத்துல இருக்கு."

"நீ பெரிய இஞ்சினியரு. எழுத்துல இல்லாதது ஒண்ணு இருக்கு, கேட்டுக்கோ. கெய்த் திரும்பி உள்ள வந்தத நான் பாத்தேன். கோடு எனக்கு ரெண்டு எட்டு தூரத்துல இருந்துச்சு. நான் வெளிய போயிருந்தா பதினெட்டுதான். போகல."

"ஏன்?"

"வருஷம் பூரா பெஞ்சுல உக்கார வெச்சிருந்தானுங்க. மொத தடவ இறங்கறேன், அதுவும் இறுதியாட்டம். எவன் எண்ணப் போறான்னு நெனச்சேன்."

லோர்னா, "அப்பா, இத நீங்க எங்கிட்டகூட சொன்னதில்லையே" என்றாள்.

"நீ கேட்டதில்லையே."

எனக்கு, சர்க்யூட் சரியாக இருக்கிறது, ஆனாலும் விளக்கு எரியவில்லை என்கிற மாதிரி இருந்தது. கிளம்பும்போது ஸ்பேனரை என் பக்கம் நீட்டிச் சொன்னார்: "எழுதறதா இருந்தா ரெண்டையும் எழுது. அவன மட்டும் மாட்டிவிட்டு என்ன உத்தமனாக்கின, உன் மண்டைய ஒடச்சிடுவேன்."

ஆகஸ்ட் 6

எழுதினேன். பன்னிரண்டு வரி. எர்ன் அடியில் கையெழுத்துப் போட்டார்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

கமிட்டி. கழகத்துக்கு ஒருவராக ஆறு ஓட்டு. அந்தப் பக்கத்தை நானே வாசித்தேன்.

பீல்பாக்காரர் கொதித்தார். "நாங்க நேர்மையா ஜெயிச்சது! இப்ப என்னமோ எங்களுக்கு யாரோ தானம் குடுத்த மாதிரி!"

"ஜெயிச்சதுல ஒரு புள்ளிகூட மாத்தலயே" என்றேன். "யார் காரணம்னுதான் மாத்தறேன்."

ஓட்டெடுப்பு. மூன்றுக்கு மூன்று. சமமானால் தலைவர் ஓட்டு. எல்லாரும் கெய்த்தைப் பார்த்தார்கள். லோர்னா மட்டும் குறிப்பு நோட்டிலிருந்து தலை தூக்கவில்லை. பேனா ஒரே இடத்தில் நின்றது. அதே இடத்தில் மையும் ஊறிக்கொண்டிருந்தது.

கெய்த் அவளிடம் கேட்டார்: "ரெண்டு எட்டுன்னு அவனே சொன்னானா?"

"அவருதான் சொன்னாரு."

"அத அவன் சொல்லியிருக்க வேண்டியதில்ல. யாருக்கும் தெரியாது அது. எனக்கே தெரியாது."

சுவர் ஹீட்டர் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. தெர்மோஸ்டாட் கோளாறு. எழுந்து போய் அதை அணைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அப்படி ஒரு நேரம்.

"போடு" என்றார். மேலங்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கூட்டத்தை முடிக்கக்கூட இல்லை.

செப்டம்பர் 7, சனி

புத்தகம் வந்தது. ஊரில் எல்லாரும் ஒரே பக்கத்தைத்தான் படிக்கிறார்கள். அதிலும் பாதியைத்தான் படிக்கிறார்கள். இரண்டு எட்டு யார் கண்ணிலும் படவில்லை. கெய்த் வீட்டுத் தபால்பெட்டியில் எவனோ பெயின்ட்டில் 19 என்று எழுதியிருக்கிறான். கடையில் அவருக்கு யாரும் வணக்கம் சொல்வதில்லை என்கிறாள் லோர்னா.

இதற்காகவா நான் எழுதினேன்? பழியைக் கழற்றி இன்னொருத்தர் தலையில் மாட்டியதுதான் மிச்சமா?

செப்டம்பர் 21, சனி

லீக்கின் கடைசி இறுதியாட்டம். யார் ஜெயித்தது என்பது புத்தகத்தில் இல்லை, ஆகவே இங்கே: பீல்பா, நான்கு புள்ளி.

ஒலிபெருக்கி என் பொறுப்பு. கோப்பை கொடுக்க கெய்த் மைக்கைப் பிடித்ததும் மைதானத்தைச் சுற்றி நின்ற கார்களிலிருந்து ஒருவன் ஹாரன் அடித்தான். கோல் விழுந்தால் அடிப்பதுதான் வழக்கம். அடுத்து இன்னொருவன். பத்து, ஐம்பது, எல்லாரும். கெய்த்தின் வாய் அசைகிறது, ஒரு சொல் கேட்கவில்லை. நான் ஒலியை முழுக்கக் கூட்டினேன். வீண். அவர் காகிதத்தை மடித்தார். பிறகு ஏனோ மறுபடி பிரித்தார்.

அப்போது தெற்குப் பக்கத்து வேலியைத் தாண்டி ஒருவர் களத்துக்குள் இறங்கி நடந்தார். எர்ன். வேகமில்லை. நடு மைதானம் வரை நேரே போய், கெய்த் பக்கத்தில், தோளோடு தோள், கார்களைப் பார்த்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

வடக்குப் பக்கத்தில் முதலில் ஹாரன் நின்றது. பிறகு ஒவ்வொன்றாக. கடைசி ஹாரன் பீல்பாக்காரனுடையது.

கெய்த் முதல் வரியிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தார். நான் ஒலியைக் குறைத்தேன்.