அழிக்க மாட்டோம் என்று ஒரு வரி

மார்ச் 3

அக்கா போனில் பொரிந்து தள்ளிவிட்டாள். அவள் அலுவலகத்தில் பேருந்து நேர அட்டவணைகளை எங்கள் மென்பொருளில்தான் வைத்திருக்கிறார்கள். ஆளுக்கொரு பக்கம் செய்யும் மாற்றங்களை ஒன்றாகச் சேர்ப்பது அதன் வேலை. நேற்று அவளும் பக்கத்து சீட்டுக்காரரும் ஒரே வரியை மாற்றியிருக்கிறார்கள். திரையில் சிவப்பாக, “மோதல். இணைப்பு தோல்வி.” பயந்துபோய் ஃபோல்டரையே அழித்துவிட்டுப் புதிதாக இறக்கிக்கொண்டாளாம். ஒரு வார வேலை போச்சு!

“இப்படியா மிரட்டுவீங்க? இனிமே எல்லாத்தையும் மெயில்லயே அனுப்பிக்கிறோம் போ.”

அந்தச் செய்தியை மாற்றி எழுதும் வேலை போன வாரம்தான் என் கைக்கு வந்தது. எழுதுறேன் பார்.

மார்ச் 5

விசாரித்தால், எல்லோரும் இதையேதான் செய்கிறார்கள்! எங்கள் ஆட்களே! கணக்காளர் மட்டும் உஷார் பேர்வழி. அழிக்கும் முன் நகல் எடுத்து ‘கடைசி’, ‘நிஜமான கடைசி’ என்று பெயர் வைக்கிறார்.

மார்ச் 6

‘மோதல்’ போயிற்று. யார் யாரோடு மோதினார்கள்? ஒரே வரியைத் தொட்டார்கள், அவ்வளவுதானே.

மார்ச் 9

வந்துவிட்டது! “இந்த வரியை நீங்களும் இன்னொருவரும் மாற்றியிருக்கிறீர்கள். இரண்டும் கீழே உள்ளன. எது வேண்டும் என்று நீங்கள் சொல்லும்வரை எதையும் அழிக்க மாட்டோம்.” அந்த இன்னொருவரின் பெயரும் அங்கேயே வரும். உட்காரவே முடியவில்லை எனக்கு.

மார்ச் 10

எங்கள் பொறியாளருக்கு நான் வைத்திருக்கும் பெயர் முட்டுக்கட்டை. படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“கடைசி வரி பொய்ங்க. பாதியில ‘ரத்து’ அமுக்கினா, சேமிக்காததெல்லாம் போயிடும். அந்த வரியை மட்டும் எடுத்திடுங்க.”

அதை எடுத்தால் மிச்சம் என்ன இருக்கிறது? அக்கா பயந்ததே அதற்குத்தானே?

“எடுக்க மாட்டேன். பொய்யா இருந்தா நீங்க உண்மையாக்குங்க.”

எங்கிருந்து வந்தது இவ்வளவு வாய்! கூட இருந்த மேலாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முடிவைச் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் முட்டுக்கட்டை அதைச் சரிசெய்தால் என் செய்தி போகும். இல்லாவிட்டால் பழைய சிவப்பேதான்.

மார்ச் 12

முட்டுக்கட்டை என்னை அழைத்து, தன் நாற்காலியில் உட்காரவைத்து, ஏதாவது தட்டச்சு செய்துவிட்டு, சேமிக்காமல் ‘ரத்து’ அமுக்கச் சொன்னார். அமுக்கினேன். அடித்த எழுத்தெல்லாம் அப்படியே இருந்தது!

“ரொம்ப நாளா இருக்கிற ஓட்டைங்க. யாரும் கேக்கலை, நானும் விட்டுட்டேன். நீங்க எழுத்துல வாக்குக் கொடுத்துட்டீங்களே, அப்புறம் எப்படி விடுறது?”

இனி அவரை அந்தப் பெயரில் எழுதக் கூடாது.

மார்ச் 13

என் செய்தி எல்லோருக்கும் போய்விட்டது. கடைசி வரியோடு!

ஏப்ரல் 8

அக்கா போன் செய்தாள். தண்ணீர் மோட்டார் ஓடவில்லை, வீட்டு ஓனர் போனை எடுப்பதில்லை என்று ஒரே புலம்பல். மெயிலில் அனுப்பும் யோசனையை அவள் அலுவலகத்தில் யாரும் ஏற்கவில்லையாம். அதற்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை, கேட்டுவிட்டேன்.

“ஒரே வரியை ரெண்டு பேர் மாத்தினா வருமே, அது மறுபடி வந்துச்சா?”

“அதுவா? காலையில கூட வந்துச்சு. பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்டேன், அவர் போட்ட நேரம்தான் சரி. அதையே வச்சுட்டேன்.”

“என்ன எழுதியிருந்துச்சு?”

“யாருக்குடீ ஞாபகம்? மோட்டாருக்கு ஒரு வழி சொல்லு.”

பயப்படவும் இல்லை, எதையும் அழிக்கவும் இல்லை! நான் அறைக்குள் குதித்துக்கொண்டிருந்தேன்.