கீழ்வீட்டு எலக்ட்ரீஷியன் விழுந்த அன்று

அன்புள்ள குட்டிம்மா,

நாங்கள் இங்கே நலம். நீ நலமா என்று கேட்பது இந்தத் தடவை வாய்வார்த்தைக்காக இல்லை, பதில் வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. எனக்குத்தான் நாலு நாளாக இருப்புக் கொள்ளவில்லை, தைக்க உட்காருகிறேன், ஊசியில் நூலைக் கோத்ததும் எழுந்துவிடுகிறேன்.

கீழ்வீட்டு எலக்ட்ரீஷியனை உனக்குத் தெரியுமே, தனிக்கட்டை, ஓயாமல் எதையாவது போனில் போட்டுக்கொண்டே இருப்பவர். செவ்வாய்க்கிழமை காலை குளியலறையில் வழுக்கிக் கால் முறிந்து, "விழுந்துட்டேன், எழுந்திருக்க முடியல" என்று போட்டிருந்தார். நான் பார்ப்பதற்குள் நூறு பேர் அழுகிற முகம் போட்டாயிற்று. யாராவது போயிருப்பார்கள், ஆஸ்பத்திரியில் இருந்துதான் போடுகிறார் என்று நினைத்து நானும் ஒன்றைத் தட்டிவிட்டு, சட்டைக்குக் காலர் வைக்கத் தொடங்கிவிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துக் குப்பை கொட்ட இறங்கும்போதுதான் முனகல் கேட்டது. அப்பாவும் எதிர்வீட்டுத் தச்சரும் கதவை உடைத்தார்கள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களும் பார்த்தீங்களே அக்கா, உங்க பேரு வந்துச்சே" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஏன் போன் பண்ணவில்லை என்று கேட்டதற்கு, "எல்லாரையும் தெரியும் அக்கா, கூப்பிடற அளவுக்கு யாரு இருக்கா" என்றார். இப்போது கட்டுப் போட்டுப் படுத்திருக்கிறார், சாப்பாடு நான் கொண்டுபோகிறேன், மனுஷர் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை, அத்தனையையும் எங்கே அடக்கி வைத்திருந்தாரோ.

அன்றிலிருந்து நீ போனில் போடும் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வேலைக்கு நடுவே ஒரு இதயத்தைத் தட்டிவிட்டு, மகளோடு பேசியாயிற்று என்று இருந்தவள்தானே நானும். இப்போது பார்த்தால் நாலு மாதமாக எல்லாப் படத்திலும் நீ மட்டும்தான் சிரிக்கிறாய். ஒரு கோப்பை, ஒரு தட்டு. பிறந்தநாள் கேக்கைக்கூட நீயே வெட்டி நீயே படம் எடுத்திருக்கிறாய். உன் அப்பா, "அவள் நன்றாகத்தான் இருக்கிறாள், நீ இல்லாததை இட்டுக்கட்டாதே" என்கிறார், சொல்லிவிட்டு அவரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார்.

நான் நினைப்பது தப்பென்றால் சிரித்துவிட்டு விடு. சரியென்றால் எந்நேரமானாலும் கூப்பிடு, பேச வராவிட்டால் அழு, கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. மனக்குறை இல்லாமல் நூறு வயசு இரு. இருபதாம் தேதிக்குள் உன் குரல் கேட்காவிட்டால் கிளம்பி வருவேன் என்று அப்பாவிடம் சொல்லி டிக்கெட்டும் எடுத்தாயிற்று. கேட்டாலும் வருவேன்.

உன்னைப் பெற்ற
அம்மா