இடுப்பில் செருகிய நாடா

அன்புள்ள அம்மாவுக்கு ஜெசிந்தா எழுதுவது. அப்பாவின் மூச்சிரைப்பு குறைந்ததா? நான் நலம். பயப்பட ஒன்றுமில்லை.

உத்தமபாளையத்துப் பிள்ளைகளுக்கு நான் ரக்பி சொல்லித்தருகிறேன் அல்லவா? இதில் ஆளைத் தள்ளக் கூடாது. பந்தோடு ஓடுபவரின் இடுப்பில் செருகிய நாடாவை உருவினால் போதும். சிவப்பு அணி, மஞ்சள் அணி. இங்கே கையில் கட்டும் சாதிக் கயிறுகளுக்கும் அதே நிறங்கள். அதனால் தலைமையாசிரியரிடம் முன்பே கேட்டேன். "நல்லாக் கலந்து விடும்மா, அப்பத்தான் இதுக திருந்தும்" என்று அவரே நாடா வாங்கித் தந்தார்.

சாதி பாராமல் கலந்து ஆடவிட்டேன். மறுநாள் ஒரு பையனின் அப்பா வந்து, "எம்புள்ள இடுப்புல அவிங்க கலரச் செருகுனது யாரு?" என்று கத்தினார்.

"டீச்சரு வெளியூருண்ணே. அவுகளாப் பண்ணிட்டாக, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் தலைமையாசிரியர், என்னைப் பார்க்காமலே.

கத்தியவரைவிட இவர்மேல்தான் எனக்கு ஆத்திரம். ஆட்டத்தையும் நிறுத்திவிட்டார்.

கொஞ்சம் சாளைக் கருவாடு அனுப்புங்கள். ஆசிரியர் அறையில் இப்போது யாரும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. வாடை என்று முகம் சுளிக்க ஆளில்லை.

மணி அடித்துவிட்டது. மன்னிப்புக் கேட்டு எழுதச் சொல்லித் தலைமையாசிரியர் கொடுத்த தாளில்தான் இதை எழுதினேன். வேறு தாள் கேட்கப்போவதில்லை.

உங்கள் மகள்,
ஜெசிந்தா