கேரியர் இல்லாத சைக்கிள்

14-7-96, ஞாயிறு

ஒருவழியாக வண்டி இன்று முடிந்தது. சிங்கப்பூரிலிருந்து அண்ணன் அனுப்பிய கார்பன் ஃப்ரேம். பம்மலில் சிநேகிதன் செல்வத்தின் பட்டறையில் வைத்து இருவருமாக எல்லாவற்றையும் மாட்டினோம். ஏலகிரி மலை ஏற வேண்டும் என்பது என் வெகுநாள் பைத்தியம். அதனால் ஸ்டாண்ட் இல்லை, பெல் இல்லை, மட்கார்டும் இல்லை. குண்டும் குழியுமான ரோட்டுக்காக டயர் மட்டும் கொஞ்சம் அகலம்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஸ்டெல்லா ஒரு கையால் தூக்கிப் பார்த்துச் சிரித்தாள். பிறகு பின்சக்கரத்துக்கு மேலே வெறுமையாக இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"கேரியர் எங்கங்க?"

"எடை ஏறிடும் ஸ்டெல்லா. கார்பன்ல ஓட்டை போட்டு மாட்டவும் முடியாது. விரிசல் விட்டுடும்னு செல்வம் சொல்றான்."

கல்யாணமான புதிதில் அப்பாவின் பழைய சைக்கிளில் அவளை டபுள்ஸ் வைத்துத் திருநீர்மலைக்குப் போவேன். மேடு வந்தால் எனக்கு மூச்சு வாங்கும் முன்பே குதித்துவிடுவாள். கேரியரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே கூட நடப்பாள். மேடு முடிந்ததும் மறுபடி ஏறிக்கொள்வாள்.

அவளுக்கும் அதே நினைப்புதான் போல. சாப்பாடு போடும்போது என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"மேட்டுல நான் எப்பவும் எறங்கி நடந்துதானே வந்தேன்? அப்புறம் என்ன எடை?"