அப்பாவின் டம்ளரும் ஒரு வரியும்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், நம்புங்கள்.

இங்கே மருத்துவமனையில், நோயாளிகளின் இதயத்துடிப்பைக் காட்டும் கணினி திடீர் திடீரென்று நின்றுபோகும். பயப்படாதீர்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தலைமை நர்ஸ் வாராவாரம் அதை ஆஃப் செய்து மறுபடி போடுவார். காரணத்தைக் கண்டுபிடிக்க என் கம்பெனியில் என்னை அனுப்பினார்கள்.

அதிலிருக்கும், ‘சி’ என்ற கணினி மொழியில் எழுதிய புரோகிராம் ஒவ்வொரு துடிப்புக்கும் மெமரியில் கொஞ்சம் இடம் இரவல் வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பித் தரவேண்டும். துடிப்பை அளக்க மாட்டிய கிளிப் நோயாளியின் விரலிலிருந்து நழுவினால் மட்டும் புரோகிராம் பாதியிலேயே கிளம்பிவிடுகிறது, வாங்கியதைத் திருப்பித் தருவதில்லை. நம் அப்பாவேதான்! தண்ணீர் குடிக்கும்போது போன் வந்தால் டம்ளரை அங்கேயே வைத்துவிட்டுப் போவாரே. “எல்லா டம்ளரும் எங்க போச்சு?” என்று நீங்கள் கத்துவீர்களே, அதுபோல மெமரியில் இடமெல்லாம் தீர்ந்துபோகும் நாளில்தான் கணினியும் நின்றுபோகிறது. சிறுதுளி பெருவெள்ளம் என்பதைக் கண்ணால் பார்த்தேன், அம்மா.

திருப்பித் தரும் வரி ஒன்றை அங்கே சேர்த்தேன். எவ்வளவு மெமரி செலவாகிறது என்று காட்டி என் திரையில் ஏறிக்கொண்டே இருந்த கோடு அப்படியே படுத்துவிட்டது. நர்ஸ் பதறினார்: “ஏம்மா, கோடு நேரா போகுதே!”

“இது நேரா போனாத்தான் நல்லது, சிஸ்டர்.”

ஒரே ஒரு வரி, அம்மா! அது இல்லாமல் ஒரு வார்டே தவித்திருக்கிறது.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அப்பா எங்கேயோ வைத்துவிட்டுப் போன டம்ளர் ஒன்றைத் தேடியெடுத்து அடுத்த பார்சலில் வையுங்கள். என் அறையில் இருக்கும் ஒரே டம்ளர், அப்பா இங்கே இல்லாததால், வைத்த இடத்திலேயே இருக்கிறது.

உங்கள் மகள்